கண்ணுள்ள வண்டிகள்

டைனமோவைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த கார்பனை மாற்றி, பொயின்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து வைத்துவிட்டால் ஒரு வாகனத்தின் மின்சார விவகாரம் அத்தோடு தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளக்கூடிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அந்தக் காலத்து வாகனம் தன் பழுதைத் தன் உடம்பிலேயே காட்டும். வயர் கருகியிருக்கும், அல்லது முனை பூத்திருக்கும், அல்லது பொனட்டைத் திறந்த மாத்திரத்தில் மணத்தைக்கொண்டே இன்ன இடம் என்று தெரிந்துவிடும். இப்போது கண்டியில் என் கராஜுக்கு வந்து நிற்கும் மின்வண்டிகளிலோ பெரும்பாலானவை பழுதென்று சொல்லத்தக்க பழுது ஒன்றும் இல்லாதவை. வயரில் குறையில்லை, பெட்டரியில் குறையில்லை, மோட்டாரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆயினும் உடையவர் முகத்தில் கலவரம். "தானா பிரேக் புடிக்குது", "ஸ்டியரிங் கையை எதிர்த்துத் திருகுது", "போன கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு, அப்டேட் ஆனதிலிருந்து வேற வண்டி மாதிரி இருக்கு" என்று அவர்கள் கொண்டுவரும் முறைப்பாடுகள் இயந்திரத்தைப் பற்றியவை அல்ல. இயந்திரத்துக்குள் யாரோ எழுதிவைத்திருக்கும் அபிப்பிராயங்களைப் பற்றியவை. அந்த அபிப்பிராயங்கள் எந்தத் தேசத்து வீதியைப் பார்த்து எழுதப்பட்டன என்பதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதே இன்று என் தொழிலில் பாதி.

மின்வண்டி இந்த ஊருக்கு வந்த வழி விசித்திரமானது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரிச்சலுகை இருந்த காரணத்தால், ஜப்பானில் சில வருஷம் ஓடிய நிசான் லீஃப் வண்டிகள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்து இறங்கின. 2010 டிசம்பரில் உலகச் சந்தைக்கு வந்த அந்த வண்டிதான், நம் நாட்டில் சாமானிய உத்தியோகத்தர் ஒருவர் லீசிங் எடுத்தாவது வாங்கக்கூடிய முதல் மின்வண்டியாக அமைந்தது. வீதியின் இடப்பக்கம் ஓட்டும் வழக்கம் நமக்கும் ஜப்பானியருக்கும் பொதுவானதால் ஸ்டியரிங் விஷயத்தில் தொல்லையில்லை; அந்த ஒரு பொருத்தத்தைத் தவிர ஏனையவை எல்லாம் ஜப்பானுக்கே உரியவையாக இருந்தன. திரையில் ஜப்பானிய எழுத்து; வரைபடத்தில் ஜப்பானைத் தவிர வேறு தேசம் கிடையாது. பெட்டரியின் ஆயுளை நீட்டுவதற்காகச் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி ஆரம்பகாலத்து வண்டிகளில் இருந்தும், அது எந்த எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அறியாமல் பலர் இரவுதோறும் நிறைய நிறையச் சார்ஜ் செய்துவந்தார்கள். எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று அட்டையில் படம் வரைந்து கொடுப்பது அந்நாளில் என் சேவைகளுள் ஒன்றாக இருந்தது. அதற்குக் காசு வாங்குவது நியாயமா என்ற சந்தேகம் எனக்கு இருந்ததுண்டு, ஆனால் வாங்கினேன்.

இவ்வாறு வந்த ரீகண்டிஷன் வண்டியின் விசேஷம் என்னவென்றால், ஜப்பானிய விற்பனையாளரின் முற்றத்தை விட்டுப் புறப்பட்ட நாளில் அதனுள் இருந்த மென்பொருள் எதுவோ, அநேகமாக அதுவே அதற்குக் கடைசி மென்பொருள் என்பதுதான். புலம்பெயர்ந்து போனவருடைய மனத்தில் ஊர் அவர் புறப்பட்ட நாளோடு நின்றுவிடுவதைப் போல, அந்த வண்டியின் அறிவும் யோகோஹாமாவிலோ நாகோயாவிலோ கப்பலேறிய நாளோடு நின்றுவிடுகிறது. இதன் விளைவை நாங்கள் கண்கூடாகக் கண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 24 கிலோவாட் மணிக்குப் பதிலாக 30 கிலோவாட் மணி கொள்ளளவுடைய பெட்டரியோடு லீஃப் 2015இன் பிற்பகுதியில் ஜப்பானில் வெளிவந்தது. அந்தப் பெட்டரி முந்தியதைவிட வேகமாக நலிவதாக, நம்மைப் போலவே ஜப்பானியப் பழைய வண்டிகளை இறக்குமதி செய்யும் நியூசிலாந்தில், உடையவர்கள் தங்கள் வண்டிகளின் அளவீடுகளைத் திரட்டி 2018இல் எடுத்துக்காட்டினார்கள். விசாரித்துப் பார்த்ததில், நலிந்தது பெட்டரியன்று, பெட்டரியின் கொள்ளளவைக் கணக்கிடும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்குத்தான் என்று தெரியவந்தது. நிசான் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் ஏறிய வண்டிகளில், டெஷ்போர்டில் பெட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பார்களுள் இழந்தவை திரும்பி வந்தன. ஆனால் அந்தத் திருத்தத்தை ஏற்றுவதற்கு நிறுவனத்தின் சொந்தக் கருவி வேண்டும், அதன் சேவையகத்தோடு இணையும் உரிமை வேண்டும், அந்தச் சந்தைக்கு உரிய கோப்பும் வேண்டும். என்னைப் போன்றவர்களிடம் இருக்கும் பொது ஸ்கேனர் எரர் கோட்டை வாசிக்கும், அழிக்கும். வண்டியின் மூளையைத் திருத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆகவே, லீஃப் ஸ்பை என்ற செயலியையும் ஒரு சிறு டொங்கிளையும் வைத்துப் பெட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைப் பார்த்து, அந்த எண்ணின்மேல் இலட்சக்கணக்கான ரூபாயை ஏற்றியும் இறக்கியும் பேரம் பேசினார்கள். அந்த எண்ணே மென்பொருளின் ஊகந்தான் என்று நடுவில் நின்று நான் சொன்னால், வாங்குபவரும் விற்பவரும் ஒருமித்து என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்காக ஊரே வரிசையில் நின்றபோது மின்வண்டிக்காரர்கள் சில வாரம் பொறாமைக்கு ஆளானார்கள். அதே வருஷம் மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது அந்தப் பொறாமை கொஞ்சம் தணிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வாசல் மீண்டும் திறக்கப்பட்டதும், பி.வை.டி. முதலிய சீன மின்வண்டிகள் ஏஜென்ட் மூலமாகவே புத்தம் புதிதாக மலையேறத் தொடங்கின. அந்த வருஷமே சுங்கத்தில் ஒரு பெரிய தர்க்கம் எழுந்தது. மின்வண்டிக்கு வரி மோட்டாரின் கிலோவாட்டைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. மோட்டாரின் உச்ச வலுவோ மென்பொருளால் குறைத்து வைக்கத்தக்கது. ஆகவே மோட்டாரே அவ்வளவுதானா, அல்லது குறைத்து வைக்கப்பட்டதா என்ற ஐயத்தில் வண்டிகள் தடுத்து வைக்கப்பட்டு, விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. வண்டியின் குணம் இரும்பில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்பதை என் வாடிக்கையாளருக்கு நான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததைவிட அந்த ஒரு வழக்கு நன்றாக விளக்கிவிட்டது.

புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் இருக்கிறது. முன்கண்ணாடியின் உச்சியில் கெமரா, முன்பம்பருக்குள் ரேடார், சுற்றிலும் சிறு சென்சர்கள். லேன் அசிஸ்ட் என்பது கோடுகளைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும். ரேடார் குரூஸ் முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி காத்துப் போகும். ஆட்டோ பிரேக் மோதப்போகிறோம் என்று தோன்றினால் தானே பிரேக் பிடிக்கும். 2017இல் வந்த இரண்டாந்தலைமுறை லீஃபில் புரோபைலட் என்ற பெயரில் இவற்றுள் முக்கியமானவை ஒன்றாக வந்தன. ஜப்பானில் அதை அறிமுகப்படுத்தியபோதே, இது அதிவேகப் பாதையில் ஒரே லேனில் போவதற்கான உதவி என்று நிறுவனம் சொல்லிற்று. முன்னால் வாகனம் இல்லாவிட்டால் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றருக்குக் கீழே அதன் ஸ்டியரிங் உதவி வேலை செய்யாது. நம் நாட்டில் ஊருக்குள் ஓட்டத்தக்க சட்டபூர்வமான உச்ச வேகமே 50தான். ஆக, சட்டத்தை மதித்து ஓட்டும் கண்டிக்காரருக்கு அந்த உதவி இன்னொரு வாகனத்தின் பின்னால் போகும்போது மாத்திரமே கிடைக்கும். முன்னால் போவது பேராதனை வீதியில் புகை கக்கிக்கொண்டு ஆடும் தனியார் பஸ்ஸாக இருந்தால், அதைப் பின்பற்றுவது உதவியா உபத்திரவமா என்பது வேறு கேள்வி.

இனி நம் வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பு–கண்டிப் பாதை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. அவருக்கு எழுப்பிய ஸ்தூபி கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. பட்டாளமும் பிற்பாடு கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியும் ஏறுவதற்கென்று மலையின் போக்கை அனுசரித்து வெட்டிய பாதைகளே இந்தப் பிரதேசத்தின் பிரதான வீதிகளாக இன்றும் இருக்கின்றன. காப்பெட் போட்டு அகலமாக்கியிருந்தாலும் வளைவுகள் வளைவுகளே. லேன் அசிஸ்ட்டுக்கோ வளைவைப் பற்றி ஒரு வரம்பு உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் 79ஆம் இலக்க ஒழுங்குவிதி, காரொன்றை லேனுக்குள் வைத்திருக்கும் ஸ்டியரிங் உதவி பக்கவாட்டு முடுக்கத்தில் வினாடி வர்க்கத்துக்கு 3 மீற்றர் என்ற எல்லையைத் தாண்டலாகாது என்று விதிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மீற்றர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 50 கிலோமீற்றரில் எடுத்தால் அந்த முடுக்கம் 3.8ஐத் தாண்டிவிடுகிறது. 15 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் வெறும் 25 கிலோமீற்றர் வேகமே எல்லையை மீறப் போதும். மகியங்கனைப் பாதையில் உன்னஸ்கிரியவைத் தாண்டி இறங்கும் பதினெட்டு வளைவு எத்தனை திருத்தம் செய்தும் பெயர் மாறாமல் நிற்கிறது. அங்கே அந்த விதிக்குக் கட்டுப்பட்ட எந்தக் கம்பனியின் லேன் அசிஸ்ட்டும் சட்டப்படியே தோற்றுப்போகக் கடமைப்பட்டது. அதற்கு முன்பே கண்ணும் தோற்றுவிடும். வளைவின் நடுவில் நேராக முன்னே பார்க்கும் கெமராவுக்குத் தெரிவது ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆகாசம்.

தோற்றுப்போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தோற்றுப்போகும் விதத்தில்தான் ஆட்சேபம். பச்சையாக இருந்த ஸ்டியரிங் அடையாளம் சாம்பல் நிறமாக மாறும், மெல்லிய ஒரு மணியொலி கேட்கும், சில வண்டிகளில் அதுவும் கேட்காது, அவ்வளவுதான். நேரான பாதையில் கை தளர்ந்திருந்த சாரதிக்கு, வளைவின் வாசலில், வேலை திருப்பி ஒப்படைக்கப்படுகிறது. புசல்லாவையிலும் றம்பொடையிலும் பனிமூட்டம் கவியும்போதும், மழைநீர் கோட்டின்மேல் பளபளக்கும்போதும், பழைய கோட்டை அழிக்காமல் புதிய கோட்டைப் பக்கத்திலேயே தீட்டியிருக்கும் இடங்களிலும் இது நடக்கும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையில் சரிவுகள் இடிந்து, கடுகண்ணாவையிலேயே பாதை மூடப்பட்டு, பிறகு மண்ணைத் தள்ளிப் பல இடங்களில் ஒற்றை வழியாகத் திறந்துவிட்டபோது, கோடே இல்லாத சேற்றுப் பாதையில் பீப்பாய்களுக்கு நடுவே ஊர்ந்த நாட்களில், கெமராவின் கருத்தை யாரும் கேட்கவும் இல்லை.

ஆட்டோ பிரேக்கின் கதை வேறு. அது அடிக்கடி பொய்யாகப் பயப்படுகிறது என்பது உண்மை. குறுகலான வளைவில் எதிரே வரும் பஸ் ஒரு கணம் நமக்கு நேர் முன்னால் இருப்பதாகவே படும். அந்தக் கணத்தில் நம் வண்டி வளைந்துகொண்டிருக்கிறது, பஸ்ஸும் வளைந்துகொண்டிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போய்விடும் என்பது சாரதிக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியாது. அது அலறும், சில வேளை பிரேக்கும் பிடிக்கும். பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வைத்தியர் ஒருவர் இப்படி ஓரிடத்தில் பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரரிடம் வசவு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதைக் கழட்டி வைக்க ஏலுமா? சத்தியமா எனக்கு வேணாம்."

"கழட்ட ஏலும் டொக்டர். ஆனா நான் கழட்ட மாட்டேன். சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு வைக்கிறேன், ரெண்டு கிழமை ஓட்டிட்டு வந்து சொல்லுங்க."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சொல்கிறேன். லேன் அசிஸ்ட் வேலை செய்யாவிட்டால் சாரதி செய்யவேண்டிய வேலையைச் சாரதி செய்வார். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆட்டோ பிரேக்கோ சாரதி தவறிய கணத்துக்கென்றே இருப்பது. பாடசாலை விடும் நேரத்தில் கட்டுகஸ்தோட்டை வீதியின் மஞ்சள் கடவையில் இறங்கும் பிள்ளைக்கு, அந்த வண்டி பத்துத் தடவை வீணாக அலறியிருந்தாலும் பதினோராவது தடவை சரியாக நின்றால் போதும். ஆனால் அதையும் அளவறிந்தே நம்ப வேண்டும். வீதியோரத்துக் கம்பம், பாலத்தின் கைப்பிடி, பாறை என்று அசையாத பொருள்கள் எல்லாவற்றிலுமிருந்தும் ரேடாருக்கு எதிரொலி வந்துகொண்டே இருப்பதால், அவற்றுக்கெல்லாம் பிரேக் பிடித்தால் வண்டி நகரவே முடியாது என்ற காரணத்தால், வேகமாகப் போகும்போது அசையாத பொருளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி பல வண்டிகளின் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. நகரும் லொறியின் பின்னால் சாமர்த்தியமாகக் குறையும் அதே ரேடார் குரூஸ், வளைவுக்கு அப்பால் ஏற்கெனவே நின்றுவிட்ட லொறியைக் கவனியாமல் போகலாம். கெட்டம்பையிலிருந்து பேராதனைப் பாலம் வரைக்கும் மாலையில் நிற்கும் வரிசையின் வாலை முதன்முதலில் காணவேண்டியது மனிதக் கண்ணேயன்றி வேறில்லை.

கண்ணாடி மாற்றும் விஷயத்தைத்தான் இந்த ஊரில் யாரும் விளங்கிக்கொள்வதில்லை. கருங்கல் ஏற்றிய டிப்பரின் பின்னால் போய் முன்கண்ணாடியில் கல் பட்டு வெடித்தால், கிடைத்த கண்ணாடியைப் போட்டு, கெமராவை அதன் பிடியில் திரும்ப மாட்டிவிட்டு, லைட் ஒன்றும் எரியவில்லையென்றால் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். கெமராவின் பார்வை ஒரு பாகை விலகினால், 50 மீற்றர் தூரத்தில் அது காணும் இடம் ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் விலகிவிடும். நம் வீதியில் அது லேனுக்கும் கானுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கெமராவுக்குத் திசை பழக்கவேண்டும். அதற்குக் குறிப்பிட்ட தூரத்தில் குறிப்பிட்ட உயரத்தில் ஓர் இலக்குப் பலகையை வைக்கவேண்டும். சக்கர எலைன்மென்ட் சரியாக இருக்கவேண்டும். டயரில் காற்று சமமாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியும் பலகையும் ஒரே மட்டத்தில் நிற்க நீண்ட சமதரை வேண்டும். கண்டியில் சமதரை! எங்கள் கராஜின் தரை மழைநீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிந்து போட்டது. சரிவில்லாவிட்டால் பருவமழையில் நாங்கள் படகு விடவேண்டியிருக்கும். கடைசியில் மேசன் பாஸ் ஒருவரை அழைத்து, அவர் வீட்டுச் சுவருக்கு மட்டம் பார்க்கும் அதே நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைக்கொண்டு நாலு சக்கரத்துக்கும் பலகைக்குமாக மட்டம் பிடித்து, உள்ளே ஒரு நீளப் பட்டையை மட்டும் சமமாகக் கொங்கிரீட் போட்டோம். ஜப்பானில் எழுதப்பட்ட கைநூலுக்கும் அம்பிட்டியவிலிருந்து வந்த மேசன் பாஸின் குழாய்க்கும் இடையே அபிப்பிராய பேதம் ஏற்படவில்லை.

சில வண்டிகளுக்குப் பலகை போதாது, ஓட்டியும் பழக்கவேண்டும். தெளிவான கோடுகளுள்ள பாதையில், சீரான வேகத்தில், அதிகம் வளையாமல், கெமரா தானே திருப்தியடையும் வரைக்கும் ஓட்டும்படி ஸ்கேனர் திரையில் கட்டளை வரும். அந்தக் கட்டளையை நிறைவேற்றக்கூடிய வீதி கண்டி நகரத்தின் சுற்றுவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கலகெதர வழியாகக் குருநாகலுக்கு இறங்கி, 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதையில் ஏறினால் மிகச் சுலபமாகக் காரியம் முடிகிறது. அந்தப் பாதை இன்னும் கண்டியை எட்டவில்லை. மலைநாட்டு வண்டியின் கண்ணைத் திருத்த மலையைவிட்டு இறங்கவேண்டியிருக்கிறது என்று நான் சொன்னபோது, தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "அப்ப அது திரும்பி மலை ஏறினதும் மறந்துராதா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கேள்வி சரியானது, அது கற்றது சமவெளியைத்தான்.

அந்த அதிவேகப் பாதையிலேயே இந்த உதவிகளின் மெய்யான அழகையும் கண்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் பட்சபாதமாகும். கோடு தெளிவு, வளைவு விசாலம், எதிரே வாகனமில்லை, நாயில்லை, மாடில்லை. வண்டி தன் லேனின் நடுவில் நூல் பிடித்தாற்போலப் போயிற்று. களைப்பான இரவுப் பிரயாணத்தில் அது பெரிய ஆறுதல். தன்னை எழுதியவர் மனத்தில் வைத்திருந்த வீதியைச் சந்தித்ததும் அந்த மென்பொருள் நடந்துகொண்ட விதமே வேறாக இருந்தது.

மலையிறக்கத்தில் வேறொரு மயக்கம் உண்டு. மின்வண்டி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிப் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. அதனால் வேகம் குறைகிறது. சாரதியின் கால் அந்தக் குறைவுக்குப் பழகிவிடுகிறது. ஹந்தானையில் குடியிருப்பவர் இரவெல்லாம் நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்கினால், நிறைந்த பெட்டரி இனி ஏற்க மாட்டேன் என்கிறது, அந்தத் தடுப்பு கிடைப்பதில்லை, நேற்று மாலை தானே மெதுவான வண்டி இன்று காலையில் ஓடுகிறது. பிரேக்கில் கோளாறு என்று வருகிறார்கள். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள் என்பதுதான் மருந்து. இதேபோல், நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள் டெஷ்போர்டில் தெரியும் கிலோமீற்றர் கணக்கை நம்பி ஏமாறுகிறார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஊருக்குக் கண்டியிலிருந்து ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டியைத் தூக்குவதற்கு, ஓடுவதற்கான செலவு நீங்கலாகப் புவியீர்ப்புக்கு மாத்திரமே சுமார் 6 யூனிட் மின்சாரம் வேண்டும்; நலிந்த பழைய லீஃப் ஒன்றுக்கு அது பாதிப் பெட்டரி. டெஷ்போர்டோ நேற்றுச் சமதரையில் ஓடியதை வைத்து இன்றைக்கு ஜோசியம் சொல்லும்.

இப்போது ஏஜென்ட் வண்டிகளின் அப்டேட்டுக்கு வருகிறேன். ரீகண்டிஷன் வண்டி கற்காது என்றால், இந்த வண்டி உறங்கும்போதே மாறிவிடுகிறது. இதை இழிவாகச் சொல்லவில்லை. 2018இல் அமெரிக்காவில் டெஸ்லா மொடல் 3இன் பிரேக் தூரம் அதிகம் என்று ஒரு நுகர்வோர் பத்திரிகை கண்டு சொன்னபோது, சில நாட்களுக்குள் ஆகாசவழியே அனுப்பிய மென்பொருளால், மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்கும் தூரம் 152 அடியிலிருந்து 133 அடியாகக் குறைந்தது. ஸ்பானரைத் தொட்டவர் யாருமில்லை. என் போன்றவன் அதை வாசித்து வியந்ததோடு, தொழிலின் எதிர்காலத்தை நினைத்துச் சற்றுக் கவலைப்பட்டதும் உண்டு. அதே கம்பனி 2023 டிசம்பரில், ஓட்டோபைலட் ஓடும்போது சாரதியின் கவனத்தைப் போதியபடி கண்காணிக்கவில்லை என்ற காரணத்தால், 20 இலட்சம் வண்டிகளை அப்டேட் மூலமாகவே திருத்தவேண்டி வந்தது. சீனாவில் 2025 மார்ச் இறுதியில் உதவி ஓட்டம் பாவனையிலிருந்த ஷவோமி மின்வண்டி ஒன்று அதிவேகப் பாதையில் விபத்துக்குள்ளாகி மூன்று மாணவிகள் இறந்தபின், மறுமாதமே அந்நாட்டு அமைச்சு, இத்தகைய உதவிகளைத் தானியங்கி ஓட்டம் என்று விளம்பரப்படுத்தலாகாது என்றும் அப்டேட்டுகளை மனம்போனபடி அனுப்பலாகாது என்றும் கம்பனிகளைக் கூட்டிக் கண்டித்தது. நம் ஊருக்கு வரும் வண்டிகளுள் பல அந்தச் சந்தையில் பிறந்தவை.

சென்ற வருஷம் திகனவிலிருந்து ஒரு வங்கி முகாமையாளர் வந்தார். அவருடைய வண்டியில் முன்பெல்லாம் லேன் அசிஸ்ட்டை நிறுத்திவைத்தால் நிறுத்தியபடியே இருக்கும். அப்டேட்டுக்குப் பின் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் தானே உயிர்பெற்று, தெல்தெனியப் பாதையில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. வண்டியில் பழுதில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன் என்று அவரே விரல் வைத்திருந்தார். இந்த நாட்டில் அப்படி விரல் வைக்காதவர் யார்? ஐக்கிய நாடுகள் சபையின் 156ஆம் இலக்க ஒழுங்குவிதி, அப்டேட் எதற்காக, எதை மாற்றுகிறது, எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே உடையவருக்குச் சொல்லவேண்டும் என்கிறது. சொல்வது என்றால் சிங்களத்திலும் தமிழிலும் சொல்வது என்று அதில் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. அன்றுமுதல் என் பில்லின் அடியில், வண்டி வந்த நாளில் திரையில் கண்ட மென்பொருள் பதிப்பு எண்ணையும் நான் மாற்றிய அமைப்புகளையும் எழுதிக் கொடுக்கிறேன். பையன்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். அடுத்த முறை அதே முறைப்பாட்டோடு வண்டி வரும்போது, பழுதைத் தேடி டெஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்களும் அவர்களே.

பன்னிரண்டு வோல்ட் பெட்டரியை இங்கே சொல்லாமல் விடமுடியாது. பெரிய பெட்டரியைப் பற்றியே எல்லாரும் பேச, மூலையில் கிடக்கும் சாதாரண ஈயப் பெட்டரி நலிந்தால் கெமரா, ரேடார், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை லைட் எரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேன் செய்வதற்கு முன் வோல்ட் மீற்றரை வைத்துப் பாருங்கள்.

பெற்றோல் வாகனம் வைத்திருப்பவர் வருஷத்துக்கொருமுறை வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் புகைப் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். அந்தச் சாக்கிலாவது யாரோ ஒருவர் பொனட்டைத் திறந்து பார்க்கிறார். மின்வண்டிக்குப் புகையில்லை, ஆகையால் பரிசோதனையும் இல்லை, தனியார் கார் என்பதால் தகுதிச் சான்றிதழும் வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி, எந்தக் கண்ணாடி மாறியது, கெமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே எந்த வருஷத்து மென்பொருள் என்பதை ஒருவரும் கேளாமலே, கவுண்டரில் காசைக் கட்டிவிட்டு வீதிக்கு வந்துவிடுகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் புகைக்குழாய்க்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைக் கெமராவுக்கும் கொடுத்து, ஒரு சமதரையும் ஓர் இலக்குப் பலகையும் மாகாணத்துக்கு ஒன்றாக வைத்தால் போதும் என்று, வந்துபோகும் அதிகாரிகளிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவர், "உங்க கராஜிலேயே அந்தத் தரை இருக்கே, டெண்டர் போடுங்களேன்" என்றார். அந்தத் தரை ஒரு வண்டிக்கு மட்டுமே போதும். அதிலும் மழைக்காலத்தில் பாதி நாள் வாளியை வைத்துக்கொண்டுதான் நிற்கிறோம்.